தடித்த கால் நகத்தோடு வரும் பெரியவர்கள்: புதிதாகப் பெடிக்யூர் செய்பவர்களுக்கு

பெடிக்யூர் வேலைக்கு வந்த முதல் வருடம் அது. எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். வலது கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, நுனி கீழ்நோக்கி வளைந்திருந்தது. “இதை மட்டும் எடுத்து விட்டுரும்மா, செருப்பு போட்டாலே குத்துது” என்றார். நகம் விரலைத் தாண்டி நன்றாக நீண்டிருந்ததால், நீண்ட பகுதி முழுவதும் வெறும் நகம்தான் என்று நினைத்துவிட்டேன். தடித்த நகம் வெட்டும் இடுக்கி போன்ற கருவியான நிப்பரை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினேன். நகத்தோடு சதையும் சேர்ந்து வந்தது. ரத்தம் நிற்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை. தானாகச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை.

அவருக்குக் காயம் ஆறிவிட்டது. எனக்குப் பல மாதம் தடித்த நகத்தைப் பார்த்தாலே கை தயங்கியது. பயிற்சியில் ஒருவர் காலை ஒருவர் பிடித்துத்தான் பழகினோம்; எல்லோருக்கும் இருபது, முப்பது வயது. வேலையில் வந்து உட்காருபவர்களில் பலரோ, குனிந்து தங்கள் காலைத் தொடவே முடியாதவர்கள். அதற்குப் பிறகு பாத மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தும் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த நகத்தை ஒரே நாளில் பழைய நகமாக மாற்றுவது நம் வேலை இல்லை. செருப்புக்குள் அழுத்தாமல், சாக்ஸில் மாட்டாமல், அடுத்த முறை வரும்வரை அவர் வலியின்றி நடந்தால் போதும். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் இதை ஒட்டியதுதான்.

1. உங்கள் எல்லையை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்

பெடிக்யூர் உரிமம் எதையெல்லாம் அனுமதிக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்களுக்குப் பொருந்தும் விதிகளில் மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: பாதத்தில் பிளேடு பயன்படுத்தலாமா, இயற்கை நகத்தில் ட்ரில் (நகத்தைத் தேய்க்கும் மின்கருவி) பயன்படுத்தலாமா, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் செய்ய நிபந்தனை ஏதாவது உண்டா. காப்பீடு எடுத்திருந்தால் அதன் பத்திரத்திலும் இதே மூன்றையும் பாருங்கள். “எல்லோரும் செய்கிறார்களே” என்ற பதிலைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளாது.

இன்னொரு வேலையையும் முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பாத மருத்துவர் ஒருவர், தோல் மருத்துவர் ஒருவர் என இருவரின் தொலைபேசி எண்ணாவது கையில் இருக்கட்டும். “டாக்டரைப் பாருங்கள்” என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினால் பெரும்பாலானவர்கள் போக மாட்டார்கள். எண்ணையும் பெயரையும் தாளில் எழுதிக் கொடுத்தால் போவார்கள்.

2. மாத்திரையைக் கேளுங்கள், நோயைக் கேட்காதீர்கள்

முதல் முறை வருபவருக்குக் கேள்வித் தாள் ஒன்று கட்டாயம் வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். கையில் கொடுத்து நிரப்பச் சொல்வதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே கேட்டு எழுதுவது நல்லது. பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

“உங்களுக்குச் சுகர் இருக்கிறதா?” என்று கேட்டால், “அதெல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு” என்பார்கள். “ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால், இல்லை என்பார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கு ‘இதயத்துக்கான சின்ன மாத்திரை’. அதனால், “காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள்?” என்று கேளுங்கள். மருந்துச் சீட்டை எடுத்து வரச் சொன்னால் இன்னும் நல்லது. வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், அபிக்ஸாபான், ரிவரோக்ஸாபான், ஆஸ்பிரின் ஆகிய பெயர்கள் சீட்டில் இருந்தால், சின்னக் கீறலும் சீக்கிரம் நிற்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் அல்லது இன்சுலின் இருந்தால் சர்க்கரையைப் பற்றி மேலும் கேளுங்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ரத்தம் வரும் என்ற பயத்தில், “ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த மாத்திரை பக்கவாதத்தையோ மாரடைப்பையோ தடுப்பதற்காகக் கொடுக்கப்பட்டிருக்கலாம். அதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை. மாத்திரை தொடரட்டும். குறைவாக வெட்டுங்கள்.

தாளில் இவையும் இருக்க வேண்டும்: பாதத்தில் முன்பு ஆறாத புண் வந்ததா, விரல் ஏதாவது எடுக்கப்பட்டிருக்கிறதா, காலில் எரிச்சலோ மரத்துப்போன உணர்வோ உண்டா, கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகிறதா, கீமோதெரபியோ டயாலிசிஸோ நடக்கிறதா, இடுப்பு அல்லது மூட்டு மாற்று அறுவை செய்திருக்கிறதா, பிளாஸ்டரோ லேட்டெக்ஸோ ஒத்துக்கொள்ளாதா. கீழே சம்மதக் கையெழுத்து, தேதி, அவசரத்துக்குக் கூப்பிட வீட்டில் ஒருவரின் எண். ஒவ்வொரு முறையும், “போன தடவைக்கு அப்புறம் மாத்திரை ஏதாவது மாறியிருக்கா?” என்று கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். தாளைப் பூட்டி வையுங்கள். அதில் இருப்பது ஒருவருடைய மருத்துவ விவரம்.

3. கருவியை எடுப்பதற்கு முன் காலைப் பாருங்கள்

பல பெரியவர்கள் சாக்ஸைக் கழற்றும்போதே மன்னிப்புக் கேட்பார்கள். “பார்க்கவே அசிங்கமா இருக்கும்மா” என்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் முகம் மாறாமல் இருப்பது முக்கியம். வெட்கப்படுபவர் வலித்தாலும் சொல்ல மாட்டார். அவர் சொல்லாத வலிதான் உங்களைத் தவறாக வெட்ட வைக்கும்.

இரண்டு பாதத்தையும் ஒன்றாகப் பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருக்கிறதா? நிறம் வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா? விரல் நுனிச் சதையை ஐந்து வினாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடத்தில் மூன்று வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இதை நகத்தின் மேல் அழுத்திப் பார்க்க வேண்டாம். தடித்த நகத்தின் வழியாக நிறம் தெரியாது. சதையில்தான் பார்க்க வேண்டும். விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். நகத்தின் பக்கவாட்டை மெதுவாகத் தொட்டு, வலிக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், அவரைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரல் நுனியையும் லேசாகத் தொட்டு, “இப்போ தொடறேன், தெரியுதா?” என்று கேளுங்கள். இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை. ஆனால் தொடுவது தெரியாதவருக்கு வெட்டுவதும் தெரியாது, சுடுவதும் தெரியாது.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று நகத்தைத் தொடாதீர்கள். மருத்துவரிடம் அனுப்புங்கள்:

- சர்க்கரை நோயோடு மரத்துப்போன பாதம், பழைய புண் அல்லது விரல் இழப்பு
- குளிர்ந்த, நிறம் மாறிய பாதம். நிறம் திரும்பத் தாமதமாகும் விரல்
- சீழ், சிவப்பு, வீக்கம், நகச்சுற்று, சதைக்குள் ஏறிய நகம்
- நகத்தின் அடியிலிருந்து கசிவு அல்லது கெட்ட வாடை
- நகத்தில் நீளவாக்கில் பழுப்போ கறுப்போ ஆன கோடு. முக்கியமாக, அது அகலமாகிக்கொண்டே வந்தால் அல்லது நிறம் நகத்தைத் தாண்டித் தோலிலும் பரவியிருந்தால்
- கீமோதெரபி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள்
- ஆட்டுக் கொம்பு போலச் சுருண்டு வளர்ந்த நகம்

கறுப்புக் கோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடிபட்டு உறைந்த ரத்தமும் நகத்தடியில் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் அது நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நகத்தடியில் வரும்போது கோடு அடியிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். எது எது என்று முடிவு செய்வது நம் வேலை அல்ல. “எங்கேயோ இடிச்சிருப்பேன்” என்று அவர் சொன்னாலும், எப்போது இடித்தது என்று தெளிவாகச் சொல்ல முடியாவிட்டால் அனுப்பிவிடுங்கள். கால் நகத்தை அடுத்தவர் உற்றுப் பார்ப்பது அரிது. ஒருவேளை வருடக்கணக்கில் அதைப் பார்த்த முதல் ஆள் நீங்களாக இருக்கலாம்.

அவர் சம்மதித்தால் ஒரு புகைப்படம் எடுத்துத் தாளோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட அது பெரிய உதவி.

4. ஏன் தடித்தது என்று ஊகிக்காதீர்கள்

தடித்த நகம் என்றாலே பூஞ்சை என்று நினைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்தேன். வயதாக ஆக நகம் வளரும் வேகம் குறைகிறது, தடிப்பு கூடுகிறது. இறுக்கமான செருப்பும் ஷூவும் வருடக்கணக்கில் இடித்தாலும் தடிக்கும். சொரியாசிஸ் என்ற தோல் நோய், ரத்த ஓட்டக் குறைவு, பழைய அடி எல்லாமே காரணமாகலாம். பூஞ்சைதானா என்று நகத் துணுக்கைச் சோதனைக்கூடத்தில் பார்த்த பிறகே மருத்துவர்கள் சொல்கிறார்கள். பூஞ்சைக்கான டெர்பினாஃபின் மாத்திரையைக் கால் நகத்துக்குப் பொதுவாக 12 வாரம் சாப்பிட வேண்டும். கல்லீரலையும் கவனிக்க வேண்டும். ஆகவே, “இது ஃபங்கஸ், இந்த மருந்தைப் போடுங்க” என்று சொல்லாதீர்கள். “நகம் தடிச்சிருக்கு, நிறம் மாறியிருக்கு, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க” என்பது போதும்.

வேலை செய்யும்போது மட்டும் ஒவ்வொரு தடித்த நகத்தையும் பூஞ்சை இருப்பதாகவே நினைத்துச் சுத்தம் பாருங்கள். சொரியாசிஸ் இருப்பவருக்குக் காயம் பட்ட இடத்திலேயே நோய் கிளம்பக்கூடும் என்பதால் அங்கே கை இன்னும் லேசாக இருக்கட்டும்.

5. எதற்குச் செலவு செய்வது

பணத்தை முதலில் நல்ல நிப்பரில் போடுங்கள். கால் நகத்துக்கென்றே செய்த, வாய் சிறியதும் கூர்மையானதுமான, ஸ்பிரிங் வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நிப்பர். சாதாரண நகவெட்டி தடித்த நகத்தை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய நகம் நீளவாக்கில் பிளக்கும். ஒரே நிப்பர் போதாது. ஒன்று கிருமி நீக்கும் ஸ்டெரிலைசரில் இருக்கும்போது வேலைக்கு இன்னொன்று வேண்டும், மூன்று இருந்தால் நிம்மதி. நகத்தடியில் விட்டுப் பார்க்க, முனை மழுங்கிய மெல்லிய உலோகக் குச்சியான புரோப் ஒன்றும் வாங்குங்கள். விலை குறைவுதான். இருக்கும் கருவிகளில் ரத்தக் காயத்தை அதிகம் தடுத்தது எனக்கு அதுதான்.

அடுத்த செலவு, அழுத்தமான நீராவியால் கருவிகளின் கிருமியைக் கொல்லும் ஆட்டோக்ளேவ். 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம் என்பது அந்த வெப்பத்தில் நிற்க வேண்டிய நேரம் மட்டுமே. சூடாகி, ஆறி, உலர்ந்து வர அதற்கு மேலும் பல நிமிடம் ஆகும். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் முன்பதிவு எடுக்க வேண்டும். புற ஊதா விளக்குப் பெட்டியை ஸ்டெரிலைசர் என்று சொல்லி விற்பார்கள். சுத்தமான கருவியை எடுத்து வைக்கத்தான் அது உதவும். ஆட்டோக்ளேவின் இடத்தை அது பிடிக்காது. எந்த முறையானாலும் முதலில் பிரஷ்ஷும் சோப்பும் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு ஒட்டியிருக்கும் கருவியைக் கிருமிநாசினியில் போடுவதால் பயன் இல்லை. கிருமிநாசினி எத்தனை நிமிடம் நனைந்திருக்க வேண்டும் என்பதை அதன் புட்டியில் பார்த்துக் கடிகாரம் வையுங்கள்.

அட்டை அரம், பாதம் தேய்க்கும் பியூமிஸ் கல், ஆரஞ்சு மரக்குச்சி இவற்றைக் கழுவி மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒருவருக்கு ஒன்று, அப்புறம் குப்பைக்கு. கட்டணத்தைக் கணக்கிடும்போது இவற்றையும், கையுறை, முகக்கவசம், காஸ் துணி ஆகியவற்றையும் சேர்க்க மறந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் நான் மறந்தேன். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நீர் சுழலும் தொட்டியைவிடச் சாதாரணக் கிண்ணம் மேல். 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரே நகச் சலூனுக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் ஆறாத கொப்புளங்கள் வந்தன. தொட்டியில் தண்ணீரை உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னால் சேர்ந்திருந்த முடியிலும் தோல் துகளிலும் மைக்கோபாக்டீரியம் என்ற கிருமி வளர்ந்திருந்தது. வருவதற்கு முன் கால் முடியை மழித்திருந்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. ஆகவே முன்பதிவின்போதே, “வர்றதுக்கு முன்னாடி காலை ஷேவ் பண்ணாதீங்க” என்று சொல்லிவிடுங்கள்.

6. ஊறவைப்பது

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், 37 டிகிரிக்கு மேல் வேண்டாம். கையை விட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் தெர்மாமீட்டர் வையுங்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் இருக்கும் நம் கை சூட்டைச் சரியாகச் சொல்லாது. ஐந்திலிருந்து எட்டு நிமிடம். சர்க்கரை நோய் இருப்பவருக்கு, உணர்ச்சி நன்றாக இருந்தாலும், நான் ஊறவைப்பதே இல்லை. ஈரக் காஸைச் சில நிமிடம் நகத்தின் மேல் வைத்து எடுத்துவிடுவேன். எடுத்த பிறகு விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி உலர்த்துங்கள்.

மிகவும் கடினமான நகமாக இருந்தால், முதல் சந்திப்பில் வெட்டுவதைக் குறைத்துக்கொண்டு, 40 சதவீத யூரியா க்ரீம் பயன்படுத்தலாமா என்று அவருடைய மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்கச் சொல்லுங்கள். அது நகத்தை இளக்கும். சுற்றியுள்ள தோலில் படாமல் வாஸ்லைன் தடவிக்கொள்ள வேண்டும். புண் இருந்தால் கூடாது.

7. வெட்டுவது

இதுதான் நிதானம் வேண்டிய இடம். அவரைச் சாய்த்து உட்கார வைத்து, குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் தாங்கல் கொடுங்கள். இடுப்பு மாற்று அறுவை செய்தவரின் காலை உங்கள் வசதிக்காக உயரத் தூக்காதீர்கள்; நீங்கள் இறங்கி உட்காருங்கள். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். தடித்த நகத் துண்டு தெறிக்கும் வேகம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

நான் அந்த அம்மாவுக்குச் செய்த தவறு இந்த இடத்தில்தான். நகம் நீண்டு தடிக்கும்போது, அதன் அடியில் இருக்கும் சதையும் சில நேரம் நகத்தோடு ஒட்டியபடி முன்னே நீண்டு வந்துவிடும். மேலிருந்து பார்த்தால் விரலைத் தாண்டிய வெறும் நகம் போலத் தெரியும். அடியில் உயிருள்ள சதை இருக்கும். இளையவர்களிடம் வெள்ளை விளிம்பைப் பார்த்து வெட்டிப் பழகிய கண்ணுக்கு இது தெரியாது, ஏனென்றால் தடித்த நகத்தில் எல்லாமே ஒரே மஞ்சளாக இருக்கும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். உங்கள் இடது கைக் கட்டைவிரலால் விரல் நுனிச் சதையைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். மழுங்கிய புரோபை நகத்தின் அடியில் படுக்கை வாட்டாக, மிக மெதுவாக உள்ளே விடுங்கள். உதிரியான துகள் இருந்தால் தானாக வழிவிடும். மெத்தென்று ஓரிடத்தில் தடுக்கும். அவர் முகமும் லேசாக மாறும். அங்கே நிறுத்துங்கள். புரோப் எவ்வளவு உள்ளே போயிருக்கிறதோ அதே அளவை நகத்தின் மேல்பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளியாக வையுங்கள். நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று என மூன்று இடத்தில் பாருங்கள். மூன்றும் ஒரே கோட்டில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் வராது. அந்தப் புள்ளிகளுக்கு வெளியே குறைந்தது 2 மில்லிமீட்டர் விட்டுத்தான் நிப்பர் வேலை செய்ய வேண்டும்.

வெட்டும்போது நிப்பரின் முழு வாயையும் வைக்காதீர்கள். முனை மட்டும் போதும். ஓரத்திலிருந்து தொடங்கிச் சின்னச் சின்னக் கடியாக நடுவை நோக்கி வாருங்கள். இன்னொரு கையைத் துண்டு தெறிக்காமல் மேலே குவித்துப் பிடியுங்கள். நிப்பரை அழுத்தும்போது ‘டிக்’ என்று லேசான ஓசை வந்தால் சரி. ‘சடக்’ என்று பலமாகக் கேட்டால் நீங்கள் எடுத்த கடி பெரிது. அடுத்த கடியில் நகம் அடிவரை பிளக்கலாம். தடிப்பு அதிகமாக இருந்து நிப்பரின் வாய்க்குள்ளேயே அடங்காவிட்டால், வலுவாக அழுத்தாமல் முதலில் மேல்பக்கத்தைத் தேய்த்து மெலிதாக்கிவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

நேராக வெட்டுங்கள், விரலின் வடிவத்துக்குச் சற்றே வளைவு இருக்கலாம். மூலைக்குள் இறங்காதீர்கள். “அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் தோண்டுங்க” என்று பலர் கேட்பார்கள். மூலையில் ஆழமாக வெட்டினால் உள்ளே ஒரு முள் போன்ற துணுக்கு நிற்கும். அது வளரும்போது சதையைக் குத்தும். அரத்தால் மூலையை லேசாக மழுக்கிவிட்டு, ஏன் தோண்டவில்லை என்று அவருக்குச் சொல்லுங்கள்.

நகம் தோலோடு சேரும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலான க்யூட்டிகிளை வெட்டவே வேண்டாம். கிருமி உள்ளே போகாமல் மூடி நிற்பது அதுதான். காலாணியையும் தடித்த தோலையும் பிளேடால் சீவாதீர்கள்.

8. தேய்த்து மெலிதாக்குவது

கால் கட்டைவிரல் நகம் சாதாரணமாக ஒன்றரை மில்லிமீட்டரைச் சுற்றித் தடிமன் இருக்கும். தடித்த நகம் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். முதல் நாளில் கூடுதலாக இருக்கும் தடிப்பில் பாதியைக் குறைத்தாலே அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியும்.

கையரத்தில் நன்றாகப் பழகிய பிறகே ட்ரில்லுக்குப் போங்கள். நகம் காய்ந்திருக்க வேண்டும். குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். நான் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் தொடங்குவேன், 10,000ஐத் தாண்ட வேண்டிய தேவை வந்ததில்லை. பிட்டை (ட்ரில்லின் சுழலும் முனை) ஓரிடத்தில் நிறுத்தாமல் ஒரே திசையில் நகர்த்திக்கொண்டே இருங்கள். நகத்துக்கு உணர்ச்சி கிடையாது, ஆனால் சூடு அடியில் இருக்கும் சதைக்கு இறங்கும். நான்கைந்து தடவைக்கு ஒருமுறை நிறுத்தி உங்கள் விரலால் நகத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கினாலோ, கட்டைவிரலால் அழுத்தும்போது நகம் லேசாக அசைந்து கொடுத்தாலோ போதும்.

தேய்க்கும்போது நகத்தடியில் ஈரமான கரும்பொட்டு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். தடித்த நகத்தின் அழுத்தத்தால் அடியில் புண் உருவாகி, வெளியே தெரியாமல் இருப்பது உண்டு.

தூசியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பூஞ்சையும் இருக்கலாம். தூசி உறிஞ்சும் கருவி, ஜன்னல் திறப்பு, என்-95 வகை முகக்கவசம் மூன்றும் வேண்டும். மெல்லிய அறுவைசிகிச்சை முகக்கவசம் இந்தத் தூசிக்குப் போதாது.

9. ரத்தம் வந்தால்

பதறாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். “லேசா பட்டுடுச்சு, ரத்தம் வருது, அழுத்திப் பிடிக்கிறேன்” என்று அவரிடம் சொல்லுங்கள். சுத்தமான காஸை வைத்து ஐந்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குப் பத்து நிமிடம். காலைச் சற்று உயர்த்தி வைக்கலாம். ரத்தம் நின்ற பிறகு கழுவி, ஒட்டாத டிரெஸ்ஸிங் போடுங்கள். பலருக்கும் பயன்படும் படிகாரக் கட்டியையோ ரத்தம் நிறுத்தும் பென்சிலையோ தொடாதீர்கள். 20 நிமிடத்துக்கு மேலும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

அன்று மீதி விரல்களை விட்டுவிடுங்கள். கருவியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, என்ன நடந்தது, எந்த விரல், எத்தனை நிமிடத்தில் ரத்தம் நின்றது என்று தாளில் எழுதுங்கள். மறுநாள் காலை போன் செய்து விசாரியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவராக இருந்தால் அன்றே வீட்டில் ஒருவருக்கும் சொல்லிவிடுங்கள். மறுநாள் சிவப்போ வீக்கமோ இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

10. முடித்த பிறகு

பாலிஷ் கேட்டால் தடித்த நகத்துக்கு வேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். ஜெல்லும் அக்ரிலிக்கும் கண்டிப்பாகக் கூடாது. ஈரம் அடியில் தங்கும், நிறம் மாறினாலும் தெரியாது. மருத்துவர் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டியிருந்தால் அதற்கும் இடைஞ்சல். விசேஷத்துக்கு ஆசைப்பட்டால் மற்ற விரல்களுக்குப் போட்டுவிட்டு, சில நாளில் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பாதத்துக்குக் க்ரீம் தடவலாம், விரல் இடுக்கில் வேண்டாம். அவர் போட்டு வந்த செருப்பையோ ஷூவையோ கையில் எடுத்துப் பாருங்கள். நீண்ட விரலுக்கும் ஷூ நுனிக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால், நீங்கள் மெலிதாக்கிய நகம் திரும்பத் தடிக்கத்தான் செய்யும். உடனே எழ விடாதீர்கள். காலைக் கீழே வைத்து இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகு, தரையில் ஈரமோ க்ரீமோ இல்லை என்று பார்த்துவிட்டு, கையைப் பிடித்து எழுப்புங்கள்.

நேரத்தையும் கட்டணத்தையும் பற்றி. முதல் சந்திப்புக்கு 75 நிமிடம் ஒதுக்குங்கள்: கேள்வித் தாளுக்குப் பத்து, காலைப் பார்க்கப் பத்து, மீதி வேலைக்கு. அடுத்தடுத்த சந்திப்புகள் 45லிருந்து 60 நிமிடத்தில் முடியும். வழக்கமான பெடிக்யூருக்கு வாங்கும் தொகையை இதற்கு வாங்கினால் அவசரப்படுவீர்கள், அவசரப்பட்டால் வெட்டிவிடுவீர்கள். நேரத்துக்கு ஏற்ற தொகையை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். காலைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் அனுப்பினால் எவ்வளவு வாங்குவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். நான் அந்தச் சமயத்தில் வாங்குவதில்லை. பணம் கொடுத்தும் நகம் வெட்டப்படவில்லை என்ற வருத்தம் வந்துவிட்டால், அவர் வீட்டில் கத்தரியை எடுத்துத் தானே வெட்டிக்கொள்வார்.

கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். முதியவர்களுக்கு இன்னும் குறைவு. கட்டைவிரல் நகம் முழுவதும் புதிதாக வர ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும். இதைச் சொல்லாவிட்டால் மூன்றாவது முறையே, “இன்னும் அப்படியேதான் இருக்கு” என்பார்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். தேதியையும் நேரத்தையும் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, அதன் பின்பக்கத்தில், “சிவப்பு, வீக்கம், வலி, கசிவு இருந்தால் காத்திருக்க வேண்டாம்” என்று எழுதி, மருத்துவரின் எண்ணையும் உங்கள் எண்ணையும் சேர்த்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.